நிற்காத செயின்

— இந்த இன்ஜின் இந்த பாடியோடது இல்லம்மா.

— இதோடதுதான்.

— நான் சொல்றதக் கேளுங்க. இருபத்தாறு வருஷமா பழைய ரம்ப மெஷினோடதான் குடித்தனம் பண்றேன். பாடி பச்சை, இன்ஜின் கவர் ஆரஞ்சு. நம்பர் தகடு இருந்த எடத்துல வெறும் ரெண்டு ஓட்டைதான் இருக்கு. ரெண்டையும் வேற வேற ஆள்கிட்ட வாங்கினதா நீங்களே இப்பத்தான் சொன்னீங்க. அப்புறம் எப்படி ஒரே மெஷினாகும்?

— வாங்கினது வேற வேற ஆளுங்ககிட்ட. ஆனா ஒண்ணா இருந்ததுங்கதான். பச்சை மேலாப்புல அடிச்சது. சுரண்டிப் பாருங்க.

— அக்கா, அந்தச் சின்னக் கத்திய எடு.

— உன் சட்டைப் பையிலதான் இருக்கு. காலையிலேர்ந்து மூணாவது தடவை கேக்கற. ஏம்மா, நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க. மெஷினப் பாத்துட்டா என் தம்பிக்கு வந்தவங்க நிக்கறாங்களா விழுந்துட்டாங்களான்னுகூடத் தெரியாது.

— இருக்கட்டும். நிக்கறேன்.

— ம்... அடியில ஆரஞ்சுதான். ஆனா கலர் மட்டும் ஒத்துப்போனாப் போதாது. இந்தக் கம்பெனிக்காரன் அந்தக் காலத்துல ஆயிரக்கணக்குல விட்டான், அத்தனையும் ஆரஞ்சு. சொல்லப்போனா, இதே அச்சுல ரெண்டு இன்ஜின் வந்துச்சு, பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. வெளியில பாத்தா இரட்டைப் புள்ளைங்க. உள்ள இருக்கறத மாத்திப் போட்டா ஒண்ணுக்கொண்ணு ஆகாது.

— தெரியும். இது பெரிசு.

— பாக்காமலே சொல்றீங்க.

— இன்ஜின்ல கைப்பிடி வந்து சேர்ற எடத்துல நாலு ஓட்டை இருக்கும். இடது பக்கம், கீழ் ஓட்டையப் பாருங்க. பாத்துட்டு ஜோடியா இல்லையான்னு சொல்லுங்க.

— அக்கா, லைட்டக் கொஞ்சம் கீழ இறக்கு. இன்னும். ஆங்.

— என்னடா, என்ன தெரியுது?

— புஷ் போட்டிருக்கு, ஓட்டைக்குள்ள செருகற வளையம். பித்தளை.

— அதுக்கு என்ன இப்ப?

— ஓட்டை தேஞ்சு முட்டை மாதிரி ஆகியிருந்திருக்கு. அதப் பெருசாக் குடைஞ்சு, உள்ள புஷ் கடைஞ்சு எறக்கியிருக்காங்க. அதனால ஓட்டை ஒரு நூல் தள்ளிப்போச்சு. பாடியிலயும் அதே எடத்துல ஒரு நூல் தள்ளியே துளை போட்டிருக்கு. நீங்க சொன்னது சரிதாம்மா. இது ரெண்டும் ஜோடிதான்.

— அப்புறம் ஏன் அதையே தடவிக்கிட்டு இருக்க?

— அக்கா, இந்த புஷ் நான் கடைஞ்சது.

— நீ எத்தனையோ கடைஞ்சிருப்ப.

— பித்தளையில ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்குக் கையில நல்ல இரும்பு இல்ல. நம்ம பின்கட்டுக் குழாயில கெடந்த பழைய நட்டை எடுத்துக் கடைஞ்சேன். விளிம்புல பாரு, அந்த நட்டோட மரை பாதி இன்னும் இருக்கு.

— கீழ வையி. தம்பி, சொல்றேன்ல, கீழ வையி அத.

— வச்சுட்டேன்.

— ஏம்மா, யாரு நீங்க? ரெண்டு பாகம் சேருதா பாக்கணும்னு வந்தீங்க, சரின்னு உள்ள விட்டேன். எந்த ஊரு, என்ன ஏதுன்னுகூடக் கேக்கல. யாரு?

— இந்த மெஷின வச்சு மரம் அறுத்துக்கிட்டு இருந்தவரு வீட்டுக்காரி.

— தோப்புல செத்துப்போனாரே, அவரா?

— அவருதான்.

— ஏழு வருஷம் ஆச்சு.

— வர்ற மாசத்தோட ஏழு.

— அப்ப நீங்கதானா அது. உங்கள நாங்க பாத்ததே இல்ல. விசாரணைக்குக்கூட நீங்க வரல, எழுதித்தான் அனுப்புனீங்க. வந்ததெல்லாம் உங்க கொழுந்தனாரு. இந்த ஷட்டர்ல இருக்கே பள்ளம், அது அவரு ஒதைச்சது. நிமித்திக்கலாம்னு நான் சொன்னா, இவன் விடமாட்டேங்கறான். அப்படியே இருக்கட்டுமாம். இப்ப நீங்க எதுக்கு வந்திருக்கீங்க? அதுக்குப் பக்கத்துல இன்னொரு பள்ளம் போடவா?

— யாரையும் திட்ட வரல.

— அக்கா, விடு. அம்மா, நீங்க திட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனா இத ஏன் இப்படித் தேடித் தேடிச் சேத்தீங்க? அது மட்டும் சொல்லுங்க.

— விசாரணை முடிஞ்சு மெஷினத் திருப்பிக் குடுத்தாங்க. என் கொழுந்தனாரு அத வீட்டுக்குள்ளயே விடல. தகடப் பிடுங்கி வீசிட்டு, மெஷினப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டாரு. அவன் ரெண்டாப் பிரிச்சு வித்துட்டான். பாடிய ஒருத்தரு வாங்கி, பச்சை அடிச்சு, ஹோட்டல் வரவேற்பறையில மாட்டி வச்சிருந்தாரு. இன்ஜின் பழைய மெஷின் சேக்கற ஒரு டாக்டர்கிட்ட இருந்துச்சு. ரெண்டு வருஷம் அலைஞ்சேன். இன்ஜினக் கண்டுபிடிச்சது அந்த புஷ்ஷ வச்சுத்தான்.

— அந்த டாக்டர எனக்குத் தெரியும். நாலு மெஷின் செஞ்சு குடுத்திருக்கேன். இந்த இன்ஜின மட்டும் எனக்குக் காட்டவே இல்லையே.

— அவருதான் உங்களப் பத்திச் சொன்னாரு. எந்த வருஷத்து மெஷினா இருந்தாலும் அதே வருஷத்து நட்டைத் தேடிப் போடுவாரு, ஆனா ஒரு சொட்டு பெட்ரோல் ஊத்தமாட்டாருன்னு.

— ஆமா, ஊத்தமாட்டான். இவன் செஞ்ச மெஷினுக்கெல்லாம் வாய் கிடையாது. ஊருல நம்ம கடைக்கு என்ன பேரு தெரியுமா? ஊமை மெஷின் கடை. கண்ணாடிப் பொட்டிக்குள்ள பளபளன்னு உக்காந்திருக்கும், அவ்வளவுதான். முன்னாடி இந்தத் தெருவுக்குள்ள நுழையறப்பவே காது அடைக்கும். காலையில எட்டு மணிக்கு மரம் வெட்டறவங்க வரிசையில நிப்பாங்க. இப்ப பாருங்க, குண்டூசி விழுந்தாக் கேக்கும்.

— அதக் கேட்டதுக்கு அப்புறம்தான் வரணும்னு தோணுச்சு.

— வந்து என்ன செய்யணுங்கறீங்க?

— ரெண்டையும் சேருங்க. கிளட்ச்சுல சரியான ஸ்பிரிங்கப் போட்டு என் எதிர்ல ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் இப்ப உள்ள இருக்கே, அதே ஸ்பிரிங்கத் திரும்பப் போட்டு ஒரு தடவை ஓட்டுங்க. நான் பாக்கணும்.

— முடியாதும்மா.

— ஏன்?

— நான் இன்ஜின் ஓட்டறத விட்டுட்டேன். சொல்லப்போனா, கயித்த இழுக்கக் கை போகாது.

— விசாரணை பண்ணின ஆபீசரு எழுதினாரு, சின்ன இன்ஜின் ஸ்பிரிங் பெரிய இன்ஜின்ல இருந்துச்சு, அதனாலதான் வேகத்தக் குறைச்சும் செயின் நிக்காம ஓடி அவரு தொடையில பாஞ்சிருச்சுன்னு. அவரு எழுதிட்டாரு. ஆனா ஓட்டிப் பாத்தாரா? பாக்கல. மேசை மேல வச்சு ஸ்பிரிங்க அளந்தாரு, எழுதிட்டாரு. மெஷினுக்கு வயசாகி அதுவாவே அப்படி ஓடியிருக்கலாம்ல? எது காரணம்னு என் கண்ணால எனக்குத் தெரியணும்.

— பாத்துட்டு மறுபடி கேஸ் போடுவீங்க.

— போடமாட்டேன்.

— அப்ப எதுக்கு?

— தெரியாம என்னால இருக்க முடியல. அதுக்குத்தான்.

— அக்கா, ஷட்டரப் பாதி இறக்கு.

— டேய்.

— எனக்கும் தெரியணும்க்கா. ஏழு வருஷமா நானும் ஓட்டிப் பாக்கல. ஓட்டிப் பாக்கற தைரியம் இல்லாமத்தான ஊமை மெஷினா செஞ்சுக்கிட்டு இருக்கேன். இறக்கு.

— என்னமோ பண்ணு. பெட்ரோலுக்கு நான் எங்க போவேன்? இந்தக் கடையில அந்த வாசனையே மறந்துபோச்சு.

— என் ஸ்கூட்டியில இருக்கு. எடுத்துக்கங்க.

— எல்லாத்துக்கும் தயாராத்தான் வந்திருக்கீங்க. குடுங்க சாவிய.

— நாலு போல்ட்டும் உக்காந்துருச்சு. சும்மா வழுக்கிக்கிட்டுப் போச்சும்மா உள்ள. பிரிஞ்சு இத்தனை வருஷம் ஆகியும் ஒண்ண ஒண்ணு மறக்கல. இப்ப கிளட்ச்சு. அக்கா, பெரிய ஸ்பானர்.

— பிளக்கக் கழட்டி அந்த ஓட்டையில கயிறு விட்டுக்கங்க, அப்பத்தான் பிஸ்டன் சுத்தாம நிக்கும். கிளட்ச்சு தலைகீழ் மரை. வலது பக்கம் சுத்தினாத்தான் கழலும்.

— அடேயப்பா. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?

— வீட்டுல மெஷின் இருந்தாத் தெரியாதா. உங்க மிக்ஸி ஜாரக் கழட்ட யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?

— அது சரி.

— கழண்டுருச்சு. இந்தா, மூணு ஸ்பிரிங்கும் உள்ளயே இருக்கு. ஆபீசரு வச்ச சிவப்புப் பொட்டுகூட அழியல. டாக்டரு தொறந்தே பாக்கல போல. கையில வாங்கிப் பாருங்கம்மா. இதோ, இது பெரிய இன்ஜினுக்கு உண்டானது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நீளம் ஒண்ணு, சுத்தும் ஒண்ணு. உள்ள இருந்ததுல கம்பி மட்டும் ஒரு முடி அளவு மெல்லிசு, வேகத்தக் குறைச்சாலும் கிளட்ச்ச இழுத்துப் பிடிக்காது. விரல்ல வச்சு இழுத்தாத்தான் வித்தியாசம் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

— கண்ணுக்குத் தெரியாதா?

— எனக்கே தெரியாது. அதுதான் வினை. அன்னிக்குப் பெரிய இன்ஜின் ஸ்பிரிங், சின்ன இன்ஜின் ஸ்பிரிங் வச்ச ரெண்டு தட்டும் மேசை மேலதான் இருந்துச்சு. பக்கத்து மேசையில ஒரு சின்ன இன்ஜினும் பிரிச்சுப் போட்டிருந்தேன். உங்க வீட்டுக்காரரு வாசல்ல நின்னு, சாயங்காலத்துக்குள்ள வேணும், நாளைக்குக் காலையில தோப்புல நிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எந்தத் தட்டுல கைய விட்டேன்? எவ்வளவோ யோசிச்சுட்டேம்மா. அந்தச் சாயங்காலம் முழுக்க ஞாபகம் இருக்கு. அவரு என்ன சட்டை போட்டிருந்தாருங்கறதுகூட ஞாபகம் இருக்கு. என் கை எந்தத் தட்டுக்குப் போச்சுங்கறது மட்டும் ஞாபகத்துல இல்ல.

— நான் சொல்றேன், பெரிய தட்டுக்குத்தான் போச்சு. சேதி வந்த அன்னிக்கே ரெண்டு தட்டையும் கொட்டி எண்ணினேன். தட்டுல என்ன இருக்கு, என்ன போச்சுன்னு எழுதி வைக்கறது நான்தான. பெரிசுல மூணு குறையுது, சின்னதுல ஒண்ணுகூடக் குறையல. ஆபீசர்கிட்ட நோட்டப் புரட்டிக் காட்டினேன். அவரு என்ன சொன்னாரு? நீங்க கூடப்பொறந்தவங்க, அப்படித்தான் சொல்லுவீங்கன்னாரு. சரி, அந்த ஆளு சொன்னாரு, போகட்டும். இவனும் அதையே சொன்னான் பாருங்க.

— நீ எனக்காக எண்ணிக்கைய மாத்தியிருப்பன்னு நெனச்சேன்.

— உனக்காகச் சோத்துல உப்பக் கூட மாத்தினதில்ல நான்.

— அந்த நோட்டு இன்னும் இருக்கா?

— எதுக்கும்மா கேக்கறீங்க?

— சும்மாதான்.

— மெஷின இடுக்கியில பிடிச்சுட்டேன். ரெண்டு பேரும் சுவரோரமாப் போயிருங்க. செயின் அந்தப் பக்கம் பாத்திருக்கு, இருந்தாலும் தள்ளி நில்லுங்க. போட்டிருக்கறது சரியான ஸ்பிரிங். இழுக்கறேன்.

— வரல.

— வரும். மூச்சு வர்றதுக்கு நேரம் எடுக்கும். ம். இன்னொண்ணு.

— தம்பி, பெட்ரோல் ஏறிச்சாடா?

— ஏறியிருக்கும். ம்... வந்துருச்சு. காதப் பொத்திக்கங்க. வேகத்தக் கூட்டறேன், பாருங்க, செயின் ஓடுது. விடறேன்.

— நின்னுருச்சு.

— என்னம்மா சொல்றீங்க? சத்தமாச் சொல்லுங்க.

— செயின் நின்னுருச்சுன்னேன்.

— இன்ஜின் ஓடுது, செயின் நிக்குது. இப்படித்தான் இருக்கணும். இன்னும் பத்துத் தடவை கூட்டி விடறேன். பாத்துக்கிட்டே இருங்க.

— ஒவ்வொரு தடவையும் நிக்குது. போதும். அணைச்சுடுங்க.

— அக்கா, என்ன, அழறியா?

— புகை. இந்தக் கடையில இந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு. ஒண்ணுமில்ல, புகைதான். இதோட விட்டுடேன்டா. மெஷின் நல்லா இருக்குன்னு பாத்தாச்சு. இன்னொண்ணு வேண்டாம்.

— வேணும். அத நான் பாக்கணும்.

— பாத்துரலாம்க்கா. கிளட்ச்சு சூடா இருக்கு, அந்தத் துணியக் குடு. மூணையும் மாத்தறேன்... இது ரெண்டாவது... இது மூணு. பூட்டியாச்சு. தள்ளி நில்லுங்க. இழுக்கறேன்.

— உடனே வந்துருச்சு.

— நான் வேகத்தக் கூட்டவே இல்ல பாருங்க. கைய எடுத்துட்டேன். ரெண்டு கையையும் எடுத்துட்டேன்.

— ஓடுது.

— நிறுத்துடா.

— கொஞ்சம் இருங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கறேன்.

— என்னம்மா பாக்கறதுக்கு இருக்கு அதுல? டேய், நிறுத்துன்னா நிறுத்து. அவங்க மூஞ்சியப் பாரு.

— நிறுத்திட்டேன். உக்காருங்கம்மா. அக்கா, அந்த ஸ்டூல இழுத்துப் போடு.

— இருக்கட்டும். எனக்கு ஒண்ணுமில்ல.

— பாத்துட்டீங்க. நானும் பாத்துட்டேன். மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல, வயசும் இல்ல. மூணு ஸ்பிரிங்தான். அப்ப என் கைதான். இனிமே சந்தேகம்னு ஒண்ணு இல்ல. சொல்லுங்க, நான் என்ன செய்யணும்? எங்க வரணும், எதுல கையெழுத்துப் போடணும், எங்க சொல்றீங்களோ அங்க வர்றேன்.

— உங்க அக்கா எண்ணினது சரி.

— என்னது?

— பெரிய தட்டுலேர்ந்துதான் எடுத்தீங்க. நீங்க போட்டது சரியான ஸ்பிரிங்.

— அதெப்படி? அவரு கையில இருந்த மெஷின்லதான் இந்த மூணும் இருந்துச்சு. ஆபீசரு அங்கயே வச்சுத் தொறந்தாரு.

— நான் மாத்தினேன்.

— எப்பம்மா?

— நீங்க குடுத்த அன்னிக்குச் சாயங்காலமே. தெனமும் மெஷினத் தொடைச்சு வைக்கறது நான்தான். அன்னிக்கு எங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம். மெக்கானிக்கு கைவச்ச மெஷின், இனிமே நீ இதத் தொடாதன்னாரு. நான் தொடைச்சு என்ன கெட்டுப்போச்சுன்னு எனக்கு ரோஷம். அவரு குளிக்கப் போனப்ப கிளட்ச்சத் தொறந்து தூசி எடுத்தேன். ஒரு ஸ்பிரிங் துள்ளி ஓடி, தண்ணி போற ஓட்டையில விழுந்துருச்சு. கம்பி விட்டுத் தேடினேன், கெடைக்கல. அவரு டப்பாவுல பழைய ஸ்பிரிங் நாலஞ்சு கெடந்துச்சு. எடுத்து வச்சுப் பாத்தேன், அதே நீளம், அதே சுத்து. ஒண்ண மட்டும் மாத்தினா சமமா இருக்காதேன்னு மூணையும் மாத்தினேன்.

— மூணையும் மாத்தினீங்களா. அய்யோ.

— ஏம்மா, வீட்டுல யாராவது மெஷினத் தொறந்தீங்களான்னு ஆபீசரு கேட்டாரே. யாரும் தொடலன்னு எழுதி அனுப்பினீங்களே. அந்தக் காகிதத்த இந்தக் கண்ணால படிச்சேன் நான். உங்க கையெழுத்து.

— என் கையெழுத்துதான்.

— ஏழு வருஷம். இவன் கல்யாணத்துக்குப் பேசி வச்ச பொண்ணு வீட்டுக்காரங்க விசாரணை முடிஞ்ச மறுநாளே வேண்டாம்னு சொல்லி அனுப்பினாங்க. இவன் தூங்கறானா இல்லையான்னு கதவுல காது வச்சுக் கேட்டுக்கிட்டு நான் உக்காந்திருப்பேன். அதெல்லாம் உங்க ஒரு வரியில போச்சு.

— இன்னிக்குக் காலையில அதே ஆபீசுக்குப் போய் உள்ளதைச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். முத்திரை போட்ட நகல் இந்தப் பையில இருக்கு. மெஷின ஓட்டிப் பாத்தீங்களான்னு அவங்க கேட்டாங்க. இல்லன்னேன். அதான் நேரா இங்க வந்தேன். உங்க நோட்டையும் கொண்டு வரச் சொல்லுவாங்க.

— குடுங்க இப்படி. தம்பி, கண்ணாடிய எடு. இல்ல, நீயே படி. எனக்கு எழுத்து நிக்கமாட்டேங்குது.

— அப்புறம் படிக்கலாம்க்கா. அம்மா, இங்க பாருங்க. தெரியாம நடந்தது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், எனக்கே தெரியாதுன்னு இப்பத்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான் மூணையும் மாத்தினீங்க. அந்தக் காகிதம் தப்பு, அது வேற. ஆனா அவரு போனது உங்க தப்புன்னு நான் சொல்லமாட்டேன்.

— உடனே மன்னிச்சுருவான். என்னக் கேட்டா, எனக்கு வாய் வரல.

— இரு அக்கா. எனக்கு ஒண்ணு மட்டும் இன்னும் புரியல. அவரு நேத்து மெஷின் பிடிச்ச ஆள் இல்ல. கெளம்பறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாமப் போகமாட்டாரு. ஸ்டார்ட் பண்ணியிருந்தா செயின் நிக்காம ஓடறது பாத்த உடனே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் எப்படி எடுத்துக்கிட்டுப் போனாரு?

— பாத்தாரு. வாசல்ல வச்சு ஸ்டார்ட் பண்ணினாரு. ரெண்டு தடவை அணைச்சு அணைச்சுப் பாத்தாரு. அப்புறம் ஜன்னல்கிட்ட வந்து, நீ இதத் தொறந்தியான்னு கேட்டாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— இல்லன்னேன். மெக்கானிக்கு போட்டது, ஓட ஓடச் சரியாயிடும், கெளம்புங்கன்னேன்.